பெரிய தீவில் நீ தோண்டிய குழிகள்

அன்புள்ள என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அதனால் மொட்டையாகவே ஆரம்பிக்கிறேன். பொறுத்துக்கொள், பொறுக்க முடியாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. வைகாசியில் உனக்குக் கல்யாணம். பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் தாய்க்காரி நாலு நல்ல வார்த்தை எழுதி அனுப்புவாள். பெண்டாட்டியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், மாமியார் வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று. நானும் அப்படி எழுதுவதாகத்தான் இருந்தேன். நீ கண்ணம்பாடி அணைத் தண்ணீருக்கு நடுவே இருக்கும் பெரிய தீவுக்குப் போய், உன் அப்பா வருஷக்கணக்காகக் காப்பாற்றி வைத்திருந்த மண்ணைக் கிண்டிப் போட்டாய். அது போதாது என்று, செத்துப்போன மனுஷனைத் திருடன் என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். இதற்குப் பிறகு எனக்கு நல்ல வார்த்தை எங்கிருந்து வரும்? கல்யாணம் முடிந்ததும் சின்னத் தீவையும் வெடி வைத்துத் தோண்டப் போகிறாயாம். அதைத் தடுக்கத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் என் கோபம். அதையும் விடாமல் படி.

விஷயம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிப்பாய். நீ சொல்லவில்லையே. லஷ்கர் மொகல்லாவில் நமக்கு ஒரு வீடு இருக்கிறது, அதில் உன்னைப் பெற்றவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்பதே உனக்கு மறந்துபோயிருந்தது. மாரப்பன்தான் வந்தான். உன் அப்பாவுக்கு வழக்கமாகப் பரிசல் போட்டவன், கொள்ளேகால் பக்கத்து ஆள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் கால் நனையக்கூடாது என்று தோளில் தூக்கிக் கரையேற்றியவன். காலையில் வாசலில் நின்றான், கையில் துண்டில் கட்டிய ஒரு மூட்டை. உள்ளே வா என்றாலும் வரவில்லை. படியிலேயே மூட்டையை வைத்து அவிழ்த்தான். உள்ளே சின்னச் சின்னக் கிழங்குகள். வெயிலில் கிடந்து சுருங்கி, பாதி கருகிப் போயிருந்தன.

“என்னப்பா இது?” என்றேன், என்னவென்று தெரிந்தும்.

“ஐயாவோட செடியுங்கம்மா. பெரிய திட்டுல ஒண்ணு விடாமக் கிளறிப்போட்டாங்க. மிஞ்சினதைப் பொறுக்கிட்டு வந்தனுங்க.”

“யாரு?”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நம்ம தம்பிதானுங்க. பெங்களூர்க்காரங்க கூட வந்திருந்தாரு. நான் சொன்னனுங்க, தம்பி, வெள்ளைக் கல்லு இருக்கற எடத்துல நாங்க கால்கூட வெக்க மாட்டோம், அடியில ஐயாவோட செடி தூங்குதுன்னு. தம்பி சிரிச்சாரு. ‘எங்கப்பா உங்ககிட்ட அப்படித்தான் சொல்லி வெச்சிருப்பாரு’ன்னுட்டு, கல்லு இருந்த எடமாப் பாத்துத் தோண்டச் சொன்னாருங்க.”

“வேற இடத்துல எங்கேயும் தோண்டலையா?”

“இல்லீங்க. கல்லு இருந்த எடம் மட்டுந்தானுங்க.”

நீ கூட்டிவந்த கூலிக்காரர்கள் வெளியே வந்த கிழங்குகளில் பெரியதாகப் பார்த்துச் சுட்டுத் தின்றார்களாம். அவர்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மத்தியானம்வரை அவர்களுக்கு ஒரு வாய் கஞ்சிகூட ஊற்றாமல் வேலை வாங்கியிருக்கிறாய். பசித்தவன் கையில் கிழங்கு கிடைத்தால் தின்னத்தான் செய்வான். தங்கவயலில் சர்வேயர் ஆனதும் இதைத்தான் கற்றுக்கொண்டாயா? உன் அப்பா தோட்ட இலாகாவில் எத்தனை ஆட்களை வைத்து வேலை வாங்கினார், ஒருநாளாவது அவர்களுக்கு முன்னால் அவர் சாப்பிட்டதை நீ பார்த்திருக்கிறாயா? தீவில் மாரப்பன் களி கிண்டி முடிக்கும்வரை நம் வீட்டுத் தூக்குச் சட்டியைத் திறக்கவே விடமாட்டார். எனக்குப் பசியில் தலை சுற்றும். சொன்னால், “இரு, எல்லாரும் உக்காரட்டும்” என்பார். அவருக்குப் பிறந்துவிட்டு நீ இப்படி.

நீயும் உன் வருங்கால மாமனாரும் ஊரைவிட்டுப் போகவில்லை, பெண் வீட்டார் பட்டுப்புடவை எடுக்க வந்திருக்கிறார்கள், எல்லாரும் ரயிலடிச் சத்திரத்தில்தான் தங்கியிருக்கிறீர்கள் என்றும் மாரப்பன்தான் சொன்னான். ஜட்கா வண்டி பிடித்துக்கொண்டு வந்தேன். அங்கே நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் அப்போது என் காதில் அது எப்படி விழுந்தது என்று உனக்குத் தெரியாது. அதனால் மறுபடி எழுதுகிறேன். உன் மாமனார் பெங்களூரில் பட்டாளத்தார் இருக்கும் தண்டில் பெரிய கன்ட்ராக்டர். பாவம், மரியாதை தெரிந்த மனுஷர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்கம்மா, வாங்க. உங்க யஜமானரு லேசுப்பட்டவரு இல்லீங்க. அரமனைச் சம்பளமும் வாங்கிக்கிட்டு, தங்கக் குழியையும் அமுக்கி வெச்சிருந்திருக்காரே. இத்தனை வருஷம் வாயே தொறக்கலை பாருங்க. கெட்டிக்காரரு.”

அவர் அதைப் பாராட்டாகச் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நீ சொல்லிக்கொடுத்ததைத்தானே அவர் சொல்கிறார். நான் உன்னைப் பார்த்தேன். ‘அப்படியெல்லாம் இல்லை மாமா’ என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சிரித்தாய். “அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது மாமா. அப்பா யாருகிட்டயும் மூச்சு விடலை” என்றாய்.

“தெரியாதுன்னு உனக்கு யாருடா சொன்னா?” என்று கேட்டேன்.

“சும்மனே இரும்மா. வெள்ளைக் கல்லுன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா? தங்கவயல்ல அந்தக் கல்லுக்குள்ளதான் தங்கம் ஓடும். அப்பா அதைக் குவிச்சுக் குவிச்சு அடையாளம் வெச்சிருக்கார்.”

“ஏதாவது கிடைச்சுதா?”

“பெரிய தீவு சும்மா போக்குக் காட்ட வெச்சது. அசல் குழி சின்னத் தீவுலதான் இருக்கணும். கல்யாணம் முடியட்டும், மருந்து வெச்சுப் பாக்கறோம்.”

கிடைக்காததையும் உன் அப்பாவின் தந்திரம் என்றே கணக்கு வைத்துக்கொண்டாய். எனக்கு அப்போதே உன் கன்னத்தில் ஒன்று வைக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தப் பெண், உனக்குப் பேசியிருக்கும் பெண், உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் காலைத் தொட்டாள். பெண் வீட்டார் முன்னால் பெற்ற பிள்ளையைத் தலைகுனிய வைக்கக்கூடாது என்று மோரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஜட்காக்காரன் என்னைப் பார்த்து, “ஏனம்மா அழறீங்க?” என்று கேட்டான். கோபம் வந்தால் எனக்கு அழுகைதான் முதலில் வருகிறது, என்ன செய்ய.

அங்கே விழுங்கியதை இப்போது சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். அந்த வெள்ளைக் கற்களை அங்கே வைத்தது உன் அப்பா இல்லை. நான். என் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து, என் கையால் குவித்து வைத்தேன். இடம் காட்டியது மட்டும்தான் அவர்.

அணை கட்டுவதற்கு முன்னால் அந்தத் தீவுகளெல்லாம் குன்றுகள். சுற்றிலும் ஊர் இருந்தது, வயல் இருந்தது. நீ தேடுகிறாயே தங்கக் குழி, அது பெரிய குன்றின் அடிவாரத்தில் இருந்தது. எந்தக் காலத்து ராஜாவோ தோண்டியது என்பார்கள். அதில் யாருக்கும் எந்த ரகசியமும் கிடையாது. மாடு மேய்க்கிறவர்கள் மழைக்கு அதற்குள்தான் ஒதுங்குவார்கள். தண்ணீர் ஏறப்போகிறது என்று தெரிந்ததும் சமஸ்தானத்தில் அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆட்களை அனுப்பினார்கள். மூழ்கப்போகும் குன்றுகளில் என்னென்ன மரஞ்செடி இருக்கிறது என்று பார்க்க உன் அப்பாவையும் அப்போது அங்கேதான் போட்டிருந்தார்கள். குழிக்கு அவர்களை வழிகாட்டிக் கூட்டிப்போனவரே உன் அப்பாதான். இறங்கிப் பார்த்தார்கள், கல்லை உடைத்துப் பார்த்தார்கள், முன்னவர்கள் சுரண்டி எடுத்துக்கொண்டு போனதற்குமேல் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு தண்ணீர் வந்தது. குழி மூழ்கியது, ஊர் மூழ்கியது, அடையாளம் சொல்ல இருந்த ஆலமரமும் மூழ்கியது. இன்றைக்கு அந்தக் குழியின் வாய் தண்ணீருக்கடியில் எந்த இடம் என்று என்னைக் கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அவ்வளவுதான் உன் அப்பா அமுக்கி வைத்த தங்கத்தின் கதை.

செடியின் கதை வேறு. குன்றாக இருந்தவரை ஆடும் மாடும் ஏறி எல்லாவற்றையும் மேய்ந்துவிடும். தண்ணீர் சூழ்ந்த பிறகு ஆடு போக வழியில்லை. முதல் மழைக்கு அங்கே ஒரு பூ வந்தது. இலையே கிடையாது, மண்ணிலிருந்து வெறும் காம்பு, அதன் தலையில் வெளிர் ஊதாக் கோடு போட்ட ஒரு வெள்ளைப் பூ. சில நாளில் பூ வாடிப்போகும். அதற்குப் பிறகுதான் அதே இடத்தில் ஒரே ஒரு இலை மண்ணோடு படிந்தாற்போல் வரும். பூவைப் பார்த்தவன் இலையைப் பார்த்தால் இரண்டும் ஒரே செடி என்று சொல்லமாட்டான். உன் அப்பாவே முதல் வருஷம் இரண்டு செடி என்றுதான் நினைத்தார். கோடையில் இலையும் போய்விடும். அடியில் கிழங்கு மட்டும் தூங்கிக்கொண்டிருக்கும். தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்துப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. வேறு எங்கும் இந்தச் செடியை அவர் பார்த்ததில்லை. கொடகு மலையில் தேடினார், பாபாபுடன் மலையில் தேடினார். அந்த இரண்டு தீவு, அவ்வளவுதான்.

கோடையில்தான் வம்பு. தண்ணீர் இறங்கினால் மீன் பிடிக்கிறவர்கள் தீவில் ஏறி அடுப்பு மூட்டுவார்கள். கிழங்கு எங்கே இருக்கிறது என்று மேலே பார்த்தால் தெரியாதே. அதனால் இலை காய்வதற்குள் அவர் ஒவ்வொரு இடமாகப் போய் நிற்பார், நான் கல் கொண்டுவந்து வைப்பேன். தண்ணீர் வற்றும்போது பெரிய தீவின் சரிவில் அந்தப் பழைய குழியிலிருந்து அள்ளிக் கொட்டிய கல் குவியல் வெளியே தெரியும். வெள்ளை வெளேரென்று இருக்கும். தூரத்திலிருந்தே கண்ணில் படட்டும் என்று நான்தான் அந்தக் கல்லை எடுத்தேன். அவர் கறுப்புக் கல்லே போதும் என்றார். “ஏங்க, கறுப்புப் பாறைமேல கறுப்புக் கல்லை வெச்சா எவன் கண்ணுக்குத் தெரியும்?” என்றேன். “ஆயித்து, உன் இஷ்டம்” என்றுவிட்டார். மீன்காரர்களிடம் சொல்லி வைத்தோம், வெள்ளைக் கல் இருக்கும் இடத்தில் அடுப்பு வைக்காதீர்கள் என்று. ஒருவர்கூட மீறியதில்லை. நீ ஒருவன்தான் அந்தக் கல்லைப் பார்த்ததும் தங்கம் என்று நினைத்தாய். தங்கவயலில் படித்த படிப்பு அப்படி. அதில் தப்பில்லை, தெரிந்ததை வைத்துத்தான் மனுஷன் பார்ப்பான். ஆனால் மாரப்பன் வாய்விட்டுச் சொன்னானே, அப்போதாவது நின்றிருக்க வேண்டாமா? சத்திரத்திலிருந்து நம் வீடு எவ்வளவு தூரம்? ‘அம்மா, இது என்ன கல்?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?

நான் ஒன்றும் செடிப் பைத்தியம் இல்லை, உனக்கே தெரியும். தசரா ஊர்வலத்துக்கு ஊரே கிளம்பும்போது இந்த மனுஷன் என்னைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு இலை பார்க்கப் போவார். நான் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போவேன். “இந்தப் புல்லு நமக்குச் சோறு போடுமாங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “போடாது. அதுக்காக மிதிச்சுட்டுப் போயிடறதா?” என்றார். நீ கொஞ்சம் வளர்ந்ததும் உன்னையும் எத்தனை முறை கூப்பிட்டார். நீ கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். சரி, பிள்ளை விளையாடட்டும் என்று விட்டார். வராதவனுக்கு அங்கே நடந்தது எப்படித் தெரியும்? தெரியாததை நீயாக இட்டுக்கட்டினாய், அதுவும் பெற்ற தகப்பனை வைத்து. காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு நல்ல சால்வைகூட இல்லாமல் போனவர் அவர். தங்கம் வைத்திருந்தவன் அப்படிப் போவானா என்று உனக்கு ஒரு நிமிஷம் தோன்றவில்லையா? அவர் போட்ட சோற்றில் வளர்ந்துதானே சர்வே படித்தாய்?

பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “ஏன்ரீ, ஊட்டா ஆய்த்தா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். எங்கே சாப்பிடுவது. சோறு ஆறிக் கிடக்கிறது. ஆனாலும் கல்யாணக் கடிதம் என்று ஆரம்பித்தேனே, ஒரு புத்திமதியாவது சொல்லிவிடுகிறேன். கட்டிக்கொண்டபின் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று நாலு பேர் முன்னால் சொல்லாதே. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவளுக்காக நீ பேசாதே. உன் அப்பாவோடு நான் வாழ்ந்த காலமெல்லாம் அவர் வேலையில் என் கை இருந்தது. அது யாருக்கும் தெரியாது, தெரியவேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. நீ “அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

போன வியாழக்கிழமை மாரப்பனை வரச்சொல்லிச் சின்னத் தீவுக்குப் போனேன். அவர் போனபிறகு நான் அங்கே போகவே இல்லை. முட்டி வலியோடு பரிசலில் குந்திக்கொண்டு போய் இறங்கினேன். வழியில் பெரிய தீவைப் பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தேன், பார்த்துவிட்டேன். நாய் பிறாண்டிய மாதிரி கிடக்கிறது. சின்னத் தீவில் கற்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒவ்வொரு குவியலாகப் போய்க் கலைத்தேன். கல்லையெல்லாம் முந்தானையில் அள்ளி, கரைக்குக் கொண்டுவந்து தண்ணீரில் போட்டேன். மாரப்பன் முதலில் தடுத்தான். “ஏனுங்கம்மா, அடையாளம் போயிருச்சுன்னா அடுப்பு வெக்கறவனுக்கு எப்படித் தெரியுமுங்க?” என்றான். “அடுப்பு ஒரு ஓரமாத்தான் சுடும் மாரப்பா. இவன் மொத்தத்தையும் கொளுத்திடுவான்” என்றேன். அதற்குப் பிறகு அவனும் குனிந்து அள்ள ஆரம்பித்தான். வெயில் ஏறுவதற்குள் தீவு மொட்டையாகிவிட்டது. எங்கே கிழங்கு இருக்கிறது என்று இனிமேல் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கல்லை அடையாளம் பார்த்துத் தோண்டினவன் நீ. கல் இல்லாத தீவை முழுசாகத்தான் தோண்டவேண்டும். அதற்கும் நீ துணிவாய், வெடிமருந்துக்கா உங்களுக்குப் பஞ்சம். அதனால்தான் கல்லைப் போட்டதோடு நிறுத்தாமல் இதையும் எழுதுகிறேன்.

நீ செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. உன் மாமனாரிடம் போ. அந்தக் கல்லை வைத்தது என் அம்மா, அது செடிக்காக வைத்தது, என் அப்பா எதையும் மறைக்கவில்லை, நான்தான் தெரியாமல் உளறினேன் என்று உன் வாயால் சொல். அவர் காரியக்காரர், தங்கம் இல்லை என்று தெரிந்தால் சின்னத் தீவுக்கு ஒரு கூடை மருந்துகூட அனுப்பமாட்டார். தீவும் தப்பும், உன் அப்பா பேரும் தப்பும். உனக்குக் கொஞ்சம் மானம் போகும். போகட்டும், இதுவரை நீ உன் அப்பாவின் மானத்தைத்தானே செலவு செய்துகொண்டிருந்தாய்.

நீ சொல்லமாட்டாய் என்று எனக்கு ஒரு பயம் இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே தப்பை ஒத்துக்கொள்ள உனக்கு வராது. அதனால் இதையும் தெரிந்துகொள். கல்யாணத்துக்கு நான் வருவேன். தாலி அறுத்தவள் மணவறைப் பக்கம் வரக்கூடாது, பின்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்க வேண்டும் என்று பெண் வீட்டார் பக்கத்திலும் சொல்வார்கள், நம் பக்கத்திலும் சொல்வார்கள். நான் உட்காரமாட்டேன். நீ தாலியைக் கையில் எடுப்பதற்கு முன்னால், எல்லார் கண்ணிலும் படும்படி முன்னால் வந்து நின்று, நடந்ததை நடந்தபடி சொல்வேன். உன் மாமனாருக்காகச் சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் சொல்வேன். பெற்ற தகப்பன் பேரை விற்றவனுக்குக் கழுத்தை நீட்டுகிறோம் என்று அவளுக்குத் தெரியட்டும். அதற்குப் பிறகு நீட்டுவதும் நீட்டாததும் அவள் இஷ்டம். அபசகுனம் என்று யாராவது என் கையைப் பிடித்து இழுத்தால், பிடிக்கிறவன் நீயாக இருந்தாலும் உதறிவிட்டுப் பேசுவேன்.

முகூர்த்தம் வரைக்கும் உனக்கு நேரம் இருக்கிறது.

அம்மா